அமாவாசைக் கடலைத் தேடி ஐந்து நாள்

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு: திருவான்மியூர்

2019 ஆகஸ்ட் 18 இரவு, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது, நான் கடலிலிருந்து எட்டுத் தெரு தள்ளி மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள், பாடத்தில் ஒருவரியாகச் சொல்லிக் கடந்த நாக்டிலூகா என்ற, இருட்டில் ஒளிரும் ஒற்றைச்செல் கடலுயிர் வாசலுக்கே வந்தபோது பார்க்கத் தவறினேன் என்பதை மறுநாள் பால் போடுகிறவர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் பார்த்திருந்தார். அந்த மனக்குறை ஐந்து வருடமாகத் தீரவில்லை.

இம்முறை அக்கா மகன் செழியன் விடுமுறையில் வந்திருக்கிறான். புரதங்களின் பரிணாமத்தைக் கணினியில் ஆராய்வது அவன் வேலை. தீங்கு செய்யும் கடல் நுண்பாசிகளின் புரதங்களே அவன் முனைவர் பட்டத்துக்கான பொருள். ஆனால் அந்தப் பாசிகளில் ஒன்றைக்கூட அவன் உயிரோடு பார்த்ததில்லை என்று இன்று மாலை கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே ஒப்புக்கொண்டான். (சுண்டல் ஒரு பொட்டலம் 30 ரூபாய், மாங்காய்த் துண்டுகளை எண்ணிவிடலாம்.) இரவு பத்து மணி வரை அலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவிளக்கின் மஞ்சளைத் தவிர வேறு ஒளி எதுவும் இல்லை.

செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகுவது உண்டு என்பதாலும், ஒளியைக் காண நிலவற்ற இரவு வேண்டும் என்பதாலும், அவன் கைபேசியில் நிலவின் நாள்களைப் பார்த்து அக்டோபர் 2ஆம் தேதி இராமேசுவரத்துக்கு முந்தைய ஊரான மண்டபத்தில் இருப்பது என்று முடிவு செய்தான். நானும் தலையசைத்தேன். அடுக்களையில் தொங்கும் தினசரி நாள்காட்டியை இருவரில் ஒருவர் புரட்டியிருந்தால் பிற்பாடு பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும்.

செப்டம்பர் 30, திங்கள்: வாயலூர்

நேரே தெற்கே போகாமல் கல்பாக்கத்தில் இறங்க வேண்டும் என்றது நான். அதற்கு அடுத்திருக்கும் வாயலூரில், பாலாறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகில், 1981இல் மட்டி தின்றவர்களுக்கு நஞ்சேறி மூவர் இறந்தனர். தமிழ்நாட்டுக் கரையில் பாசி நஞ்சு உணவின் வழியாக உயிரைக் குடித்த நிகழ்வு அது. பாடம் நடத்திய காலத்தில் அதை ஒருநாள்கூட வகுப்பில் சொன்னதில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஆற்றுமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று காலால் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அப்ப நான் கல்யாணமாகி வந்த புதுசும்மா. கொஞ்ச நாளு யாரும் மட்டியத் தொடல. அப்புறம் பசி தொட வச்சிருச்சு" என்றார். கையிலிருந்த மட்டியில் ஒரு பிடி எடுத்து வாழையிலையில் வைத்து நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்போடு கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சமைக்க இடமில்லாமல், அடுத்த திருப்பத்தில் மீண்டும் நீரிலேயே விட்டோம். அச்சத்தால் அல்ல என்று செழியன் சொன்னான். எனக்கு அச்சம்தான்.

மட்டி நீரை வடிகட்டி உண்பது. நீரில் நச்சுப்பாசி இருந்தால் நஞ்சு அதன் சதையில் சேரும், வேகவைத்தாலும் போகாது. சாக்சிடாக்சின் என்ற அந்த நஞ்சு நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை அடைத்துவிடுகிறது. உதடு மரத்துப்போவதில் தொடங்கி, மூச்சுத் தசைகள் நிற்பதில் முடியலாம். இந்த நஞ்சு புரதம் அல்ல, ஆனால் அதைக் கட்டும் நொதிகள் புரதங்கள். அந்த வேலையின் முதல் படியைச் செய்யும் நொதிக்குரிய மரபணு, அலெக்ஸாண்டிரியம் என்ற, டைனோஃபிளாஜெல்லேட் வகை ஒற்றைச்செல் பாசியின் உட்கருவிலேயே இருப்பதை 2011இல் கண்டார்கள். அதே நஞ்சை உண்டாக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் மரபணுவோடு அது பெரிதும் ஒத்துப்போகிறது. பாசி இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை, எப்போதோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து கைமாறி வந்திருக்க வேண்டும் என்பதே செழியனின் துறையில் பெரும்பாலோரின் முடிவு. ஊர்க் கிணற்றில் எடுத்த தண்ணீரைப் போல அதைத் தன் வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டது, அதாவது தன் மரபணுக்களுக்குரிய முத்திரைகளை அதன்மேலும் பதித்துவிட்டது என்றான்.

எனக்குப் பிடித்தது மட்டியின் பக்கத்துக் கதை. கனடாவின் கிழக்குக் கரையில், இந்த நஞ்சு அடிக்கடி பெருகும் ஃபண்டி விரிகுடாவில் வாழும் ஒரு மெல்லோட்டு மட்டியின் நரம்பு, நஞ்சு வந்தாலும் மரப்பதில்லை. 2005இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டியது: சோடியம் வாயிலான புரதத்தில் ஓரிடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கிறது. இந்த இரண்டையும் கரும்பலகையில் அண்ணன் தம்பி போல அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். தம்பிக்கு ஒரு கார்பன் குறைவு, அவ்வளவுதான். அந்த ஒரு கார்பனால் நஞ்சின் பிடி ஆயிரம் மடங்கு தளர்ந்துபோகிறது. மட்டி பிழைத்துக்கொள்கிறது, பிழைத்த மட்டி தன்னுள் இன்னும் அதிக நஞ்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு அதைத் தின்பவனுக்குக் காத்திருக்கிறது.

மதியம் கல்பாக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு 90 ரூபாய். புரட்டாசி என்பதால் மீன் மலிவு. வறுத்த சங்கரா ஒன்று 60 ரூபாய்க்கே வந்தது. செழியன் இரண்டு தின்றுவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி" என்றான். நான் ரசம் சோற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்: புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில்

பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரவுப் பேருந்தைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஏறியவுடன்தான் கவனித்தேன்: ஏறக்குறைய எல்லா இருக்கைகளிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள், மடியில் எள்ளும் தர்ப்பையும் பித்தளைச் சொம்பும். பக்கத்து அம்மாளிடம் கேட்டேன். நாளை மகாளய அமாவாசை என்றார். வருடத்திலேயே இராமேசுவரத்தில் கூட்டம் மிகும் நாள்களில் ஒன்று அது. நிலவற்ற இரவைத் தேர்ந்தெடுத்த இரண்டு படித்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மீமிசலைத் தாண்டியதும் இரவு இரண்டு மணிக்கு வண்டி நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். மாற்று வண்டி எப்போது வரும் என்று கேட்டதற்கு ஓட்டுநர் வானத்தைப் பார்த்தார். சாலையோரம் துண்டை விரித்து அமர்ந்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, நாங்கள் கேட்காமலே, வாழைமட்டையில் புளியோதரை வைத்துக் கொடுத்தது. விடிந்தால் அவர்கள் விரதம், ஆகவே இன்றே தீர்க்க வேண்டும் என்று ஒரு சமாதானமும் சொன்னார்கள். கொசுக்கடியை மறக்கச் செழியனைப் பேசவிட்டேன். அவன் ஒரு புரதத்தைப் பற்றிப் பேசினான். வண்டி வரும்வரை அது முடியவில்லை, ஏனெனில் அந்தப் புரதமே அவ்வளவு நீளம்.

பிரிம்னேசியம் பார்வம் என்பது மீன்களைக் கொல்லும் பொன்னிறப் பாசி. 2022 கோடையில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாக ஓடும் ஓடர் ஆற்றில், நீர் குறைந்து, வெயில் ஏறி, கழிவோடு வந்த உப்பும் மிகுந்தபோது இந்தப் பாசி பெருகி நூற்றுக்கணக்கான டன் மீன்கள் செத்து மிதந்தன. உவர்நீர்ப் பாசி ஒன்று ஆற்றில் குடியேற உப்புதான் பாதை போட்டது. அதன் நஞ்சு எப்படி உருவாகிறது என்பதற்கு விடை இந்த ஆகஸ்டில்தான் வந்தது: கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தார், அந்த நஞ்சின் சட்டகத்தைக் கட்டும் ராட்சத நொதிகளைக் கண்டு, பெரியதற்கு பிகேசில்லா-1 என்று பெயர் வைத்தார்கள். அதில் 45,212 அமினோ அமிலங்கள். அதுவரை அறிந்தவற்றுள் மிகப் பெரியதாகக் கருதப்பட்டது நம் தசையில் இருக்கும் டைட்டின். இது அதைவிடக் கால் பங்கு பெரியது. ஒரே புரதத்தில் 140 நொதிப் பகுதிகள், ரயில்பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வேலையைச் செய்து சரக்கை அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடுகிறது. மரபணுவைத் தேடும் மென்பொருள்கள் இவ்வளவு நீளத்தை எதிர்பாராததால் வழக்கமான தேடலில் அது சிக்கவில்லை என்று அவன் சொன்னபோது மணி நாலரை. "இங்க ஒரு பெல்ட் அறுந்தா எல்லாமே நிக்குது, அங்க எப்படிடா ஓடுது?" என்று கேட்டேன். சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 2, புதன்: மண்டபம்

காலை ஒன்பதுக்கு இராமநாதபுரம். பாம்பன் ரயில்பாலம் அப்போது மூடப்பட்டிருந்ததால் தீவுக்குச் செல்ல வேண்டிய கூட்டமெல்லாம் பேருந்துகளில். நின்றுகொண்டே மண்டபம் சேர்ந்தோம். தொலைபேசியில் 900 ரூபாய் என்ற விடுதியில் நேரில் 2,800 என்றார்கள். நாங்கள் ஞாயிறன்றே பேசியதை நினைவூட்டியபோது, "ஞாயித்துக்கிழமை அமாவாசை இல்லையே மேடம்" என்று பணிவாகச் சொன்னார். பணிவைக் குறை சொல்ல முடியாது. இட்லிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காதான் தன் மாடியறையை 600 ரூபாய்க்குக் கொடுத்தார், கொசுவலையும் கொடுத்தார், சாயங்காலம் வெங்காயம் இல்லாத சாம்பாரோடு ஆறு இட்லி கொடுத்து ஐந்துக்குத்தான் கணக்குப் போட்டார். எதற்காக வந்தோம் என்று கேட்டு, பூங்கோரையைப் பார்க்கவா என்று வியந்தார். கடல் பச்சையாகிப் போனால் இங்கே அதைப் பூங்கோரை என்கிறார்கள். இவ்வருடம் இன்னும் கண்ணில் படவில்லை என்றும், வடகடலில் தேடாமல் தென்கடல் பக்கம் போகவும் சொன்னார்.

இரவு பதினொன்றுக்குத் தென்கடல் கரை. காற்று விழுந்திருந்தது. பச்சையும் இல்லை, நீல அலையும் இல்லை. ஏமாற்றத்தோடு முழங்கால் அளவு நீரில் இறங்கிய செழியன் திடீரென்று அசையாமல் நின்றான். அவன் கணுக்காலைச் சுற்றிப் பொறிகள். காலை அசைத்தால் பத்துப் பதினைந்து, நின்றால் இருட்டு. நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அறுபத்து மூன்று வயதில் நீரை அளைந்துகொண்டு ஒரு மணி நேரம் நின்றதை ஊரில் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று அப்போது நினைத்தேன், இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கரைக்கு வந்து மணலில் அமர்ந்ததும் அவன் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் என்னை அசைத்தது. ஒளி உண்டாக ஒளிப்பொருளும், அதை எரிக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் வேண்டும். நாக்டிலூகாவும் சேர்ந்த டைனோஃபிளாஜெல்லேட்களின் ஒளிப்பொருள் பச்சையத்துக்கு நெருங்கிய உறவு. அதை வீணாகாமல் பற்றிவைத்துக்கொள்ள இன்னொரு புரதம் உண்டு. செல்லை அலை குலுக்கினால் உள்ளே ஒரு வாயில் திறந்து அமிலம் பாய்கிறது. பற்றிய கை விடுகிறது, நொதி விழிக்கிறது, பொறி தெறிக்கிறது. அப்படியொரு வாயில் இருந்தாக வேண்டும் என்று 1972இல் ஊகித்தார்கள். 2011இல் கார்லோடினியம் என்ற, மீன் கொல்லும் இன்னொரு பாசியில் அந்த வகைப் புரதத்தைக் கையில் பிடித்தார்கள். அதன் உறவுப் புரதம் நம் வெள்ளணுக்களிலும் இருக்கிறது.

கலிஃபோர்னியக் கரையில் கடலைச் செந்நிறமாக்கும் லிங்குலோடினியம் என்ற பாசியில் பற்றும் புரதத்துக்கு ஒரு மரபணு, எரிக்கும் நொதிக்கு வேறொரு மரபணு. அந்த நொதியும் ஒரே அமைப்பு மூன்று முறை அடுக்கி வந்தது. மூன்றில் எதைத் தனியே வெட்டி எடுத்தாலும் அது ஒளிரும். ஆனால் எங்கள் காலடியில் பொறித்த நாக்டிலூகாவில், 2007இல் ஹார்வர்டில் ஹேஸ்டிங்ஸும் லியூவும் கண்டபடி, எரிக்கும் பகுதி ஒன்றே ஒன்று. அதன் வாலிலேயே பற்றும் பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வேலையும் ஒரே மரபணு, ஒரே புரதம்.

பரிணாமம் என்றால் எழுத்துப்பிழை என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தேன். நகலெடுக்கும்போது ஓரெழுத்து மாறும், பெரும்பாலும் கெடும், எப்போதாவது நன்மையாகும். வாயலூரில் பேசிய கனடா மட்டி அதற்குப் பொருந்தும். இதுவோ வேறு இலக்கணம். எங்கள் பள்ளித் தமிழாசிரியை அடுத்த வகுப்பில் நடத்துவது சுவர் தாண்டி என் காதில் விழும்: பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர், பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. லிங்குலோடினியத்தின் மூன்று நொதிப்பகுதிகள் சுத்தமான அடுக்குத்தொடர். நாக்டிலூகாவினுடையது புணர்ச்சி, இரண்டு சொல் ஒரே சொல்லாய் நிற்பது. திரிதல் ஒன்றை மட்டும் முப்பத்தொரு வருடம் நடத்திவிட்டு, தோன்றலையும் கெடுதலையும் அடுக்கையும் விட்டுவிட்டேன். இதைச் செழியனிடம் சொன்னபோது, அவனுக்கு இலக்கணம் மறந்துபோயிருந்ததால், நான் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. நள்ளிரவு தாண்டிவிட்டது. என் கைக்குட்டையை நீரில் இழுத்து வடித்ததைத் தண்ணீர்ப் புட்டியில் பாதி நிரப்பிக்கொண்டு திரும்பினோம்.

அக்டோபர் 3, வியாழன்: குந்துகால்

விடிந்ததும் மாடியில், காகிதத்தை மடித்துச் செய்யும் சிறு நுண்ணோக்கியை விரித்தோம். கண்ணுக்கே புட்டியின் மேல்மட்டத்தில் ஊறிய ஜவ்வரிசி போலச் சில மணிகள் தெரிந்தன. நுண்ணோக்கியில் ஒரு பந்து, ஒரு பக்கம் குழிந்து, குழியிலிருந்து சிறு வால். பந்தின் உள்ளே பச்சைப் புள்ளிகள் நீந்திக்கொண்டிருந்தன. அவை நாக்டிலூகாவின் சொந்தப் பச்சையம் அல்ல, உள்ளே குடியிருக்கும் வேறொரு பாசி. தானே சமைக்காமல் வீட்டுக்குள் சமையல்காரரை வைத்துக்கொண்டது போல. ஐந்து வருடக் காத்திருப்புக்கு இரண்டு நிமிடம் பார்த்தேன். கடைக்கார அக்காவும் பார்த்துவிட்டு, "கண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

பாம்பன் பாலத்தைத் தாண்டிக் குந்துகால் போனோம். விவேகானந்தர் 1897இல் கரையிறங்கிய இடம் அது. எதிரே குருசடைத் தீவு தெரியும். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் 2019ஐ நினைவுகூர்ந்தார்: "கடல்ல பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி. மீன் நெளிஞ்சு கரைக்கு வந்து செத்துச்சு. ராத்திரி அந்தத் தண்ணியில மின்னுறதப் பாத்தா அழகுதான், என்ன செய்ய, மறுநாள் வலை காலி." அந்த வருடம் செப்டம்பர், அக்டோபரில் சிங்கில், குருசடை, பூமரிச்சான் தீவுகளைச் சுற்றிப் பாசி பெருகியபோது நீரிலிருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, விரைந்து வளரும் பவளங்கள் மூச்சுமுட்டிச் செத்தன. சாக்சிடாக்சின் போன்ற நஞ்சு எதையும் நாக்டிலூகா செய்வதில்லை. மிதப்பதற்காக உடலில் அம்மோனியாவைச் சேர்த்துவைத்திருக்கிறது. கூட்டமாகச் செத்தால் அதையும் கொட்டி, அழுகும்போது ஆக்சிஜனையும் இழுத்துவிடுகிறது.

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்தபோது பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. தேநீர் 12 ரூபாய், இஞ்சி தாராளம். செழியன் இங்கும் மீன் தேடினான். மகாளயம் முடிந்த மறுநாள் ஊரே அசதியில் இருந்ததால் பரோட்டாவும் சேர்வையும்தான் கிடைத்தது.

திரும்பும் பேருந்தில் கூட்டம் நேற்றைக்குக் குறைவில்லை. உச்சிப்புளி வருமுன் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுருக்கினார். பிறகு முன்னிருக்கையில் குழந்தை வைத்திருந்த பெண் திரும்பிப் பார்த்தார். நடத்துநர் வந்து, எதுவும் கெட்டுப்போனதைக் கொண்டுவருகிறோமா என்று கேட்டார். பையைத் திறந்தபோது காரமான வாடை முகத்தில் அடித்தது: வெயிலில் சூடேறிய புட்டிக்குள் எங்கள் ஜவ்வரிசிகள் எல்லாம் அடியில் படிந்து, நீர் கலங்கிப் போயிருந்தது. இராமநாதபுரத்தில் இறங்கிச் சாக்கடையோரம் கொட்டினேன். புட்டி செழியனுடையது, 650 ரூபாய் எஃகுப் புட்டி. மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை, அவன் அதை எறியவும் மனமில்லாமல் மூடியைக் கழற்றிக் கையிலேயே பிடித்தபடி சென்னை வரை வந்தான்.